ஏழு வீடு, ஏழு கிழமை: மைசூரின் வாரச் சாப்பாடு

ஆபீஸில் ஆணி ரொம்ப அதிகம். அதனால் இந்தப் பக்கம் தலைகாட்டியே பல மாதம் ஆகிவிட்டது. இன்றைக்கு எப்படியும் எழுதிவிட வேண்டும் என்று உட்கார்ந்ததற்குக் காரணம் ஒரு உறுத்தல்.

போன ஜனவரியில் எங்கள் ஊர்த் தமிழ்ச் சங்கத்தின் பொங்கல் விழா. வெளியே குளிர் மைனஸ் பதினெட்டு. உள்ளே ஒரு பள்ளிக்கூட அரங்கத்தில் வேட்டியும் பட்டுப்புடவையுமாக ஒரே கூட்டம். வாசலில் நின்று எல்லோரையும் வரவேற்கும் வேலை எனக்கு. புதிதாக ஒரு குடும்பம் வந்தது. கணவன், மனைவி, ஐந்து வயதுப் பையன். அமெரிக்கா வந்து மூன்று வாரம்தான் ஆகிறது என்றார்கள்.

"எந்த ஊரு?" என்றேன். திருநெல்வேலிப் பக்கம் என்றார். எனக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அடடே, நம்ம ஊரு! திருநெல்வேலியில எங்க?" ஊர்ப் பெயரைச் சொன்னார். "அந்த ஊருல எந்தத் தெரு?" என்று கேட்டேன் பாருங்கள், அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. லேசாகச் சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

அரை மணி நேரம் கழித்துப் பார்த்தால் மூன்று பேரும் ஓரமாக நின்றபடி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். நாங்களெல்லாம் வட்டம் வட்டமாக நின்று எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். பட்டிமன்றம் ஆரம்பிப்பதற்குள் அவர்கள் கிளம்பிவிட்டார்கள். அதற்குப் பிறகு எந்த விழாவுக்கும் வரவில்லை.

"நான் ஒண்ணும் மனசுல வச்சிக்கிட்டுக் கேக்கலை" என்று வீட்டில் சொன்னேன். என் மனைவி ஒரே வரியில் முடித்துவிட்டாள்: "நீங்க மனசுல வச்சிருந்தாலும் வைக்காட்டியும் அந்தக் கேள்விக்கு நம்ம ஊர்ல ஒரு அர்த்தம் இருக்குல்ல?"

இருக்கிறது. தெரு தெரிந்தால் சாதி தெரிந்துவிடும். எனக்கும் அது தெரியாதது அல்ல.

அன்றிலிருந்து எனக்கு மைசூர்தான் நினைவுக்கு வந்துகொண்டிருக்கிறது. (2014 நவம்பர் முதல் அதிகாரபூர்வமாக மைசூரு. எனக்கு வாயில் வருவது மைசூர்தான், மன்னிக்கவும்.)

நான் முதல் வேலைக்காக மைசூருக்குப் போனது 1998இல். கன்னடத்தில் ஒரு வார்த்தை தெரியாது. லட்சுமிபுரத்தில் ஒரு பழைய ஓட்டு வீட்டின் மாடியறை வாடகைக்குக் கிடைத்தது. கீழே வீட்டுக்கார மாமி, அறுபது வயதிருக்கும். அவர்கள் ஐயங்கார் குடும்பம், எத்தனையோ தலைமுறையாக மைசூர் நாட்டிலேயே இருப்பவர்கள். வீட்டில் பேசுவது ஒரு தினுசான தமிழ், பாதிக்குப் பாதி கன்னடம் கலந்தது. தெருவில் இறங்கினால் முழுக் கன்னடம்.

போன முதல் வாரமே மாமி கேட்டது: "ஏம்ப்பா, ஊட்டா ஆய்த்தா?" சாப்பாடு ஆச்சா என்று அர்த்தம். மைசூரில் இருந்தவர்களுக்குத் தெரியும், அந்த ஊரில் 'நலமா' என்று கேட்பதைவிட இதைக் கேட்பதுதான் அதிகம். நான் ஏதோ மழுப்பினேன். "சரி, வியாழக்கிழமை ராத்திரி உனக்கு இங்கேதான். ஒவ்வொரு வியாழக்கிழமையும். நான் கூப்பிட மாட்டேன், நீயே வந்துடணும்" என்றார்.

அது ஏன் வியாழக்கிழமை, ஏன் கூப்பிட மாட்டேன் என்கிறார் என்பதெல்லாம் அப்போது புரியவில்லை. சில மாதம் கழித்து அவரே சொன்னார். அவருடைய மாமியார் காலத்தில் அந்த வீட்டில் இரண்டு பையன்களுக்கு 'வாரான்ன' போட்டார்களாம். ஒருவனுக்குத் திங்கள், இன்னொருவனுக்கு வியாழன்.

வாரான்ன என்றால் நம் ஊரில் வாரச் சாப்பாடு. கிராமத்திலிருந்து படிக்க வருகிற ஏழைப் பையனுக்கு விடுதி கிடையாது, கையில் காசும் கிடையாது. அவன் ஊருக்குள் ஏழு வீடு பிடிக்க வேண்டும். இந்த வீட்டில் ஞாயிறு, அந்த வீட்டில் திங்கள் என்று ஏழு நாளைக்கு ஏழு வீடு. தங்குவது ஏதாவது சத்திரத்திலோ கோயில் மண்டபத்திலோ யார் வீட்டுத் திண்ணையிலோ. படிப்பு முடிகிற வரை இப்படியே ஓடும். நம் பக்கத்திலும் இப்படிப் படித்துப் பெரிய ஆளானவர்கள் நிறையப் பேர். மடங்களும் இதைச் செய்தன. உ.வே.சா.வின் 'என் சரித்திரம்' வாசித்தவர்களுக்குத் திருவாவடுதுறை மடத்துச் சாப்பாடு நினைவிருக்கும்.

மைசூருக்கு இது ஏன் அவ்வளவு முக்கியம்? அது மாணவர்கள் வந்து குவிந்த ஊர். மகாராஜா கல்லூரி 19ஆம் நூற்றாண்டிலிருந்தே பெயர் பெற்றது. 1916 ஜூலையில் மைசூர் பல்கலைக்கழகம் தொடங்கியது. பிரிட்டிஷ் இந்தியாவுக்கு வெளியே, ஒரு சமஸ்தானத்தில் தொடங்கிய முதல் பல்கலைக்கழகம் அதுதான். மலைநாட்டிலிருந்தும் ஹாசனிலிருந்தும் மண்டியாவிலிருந்தும் பையன்கள் வந்துகொண்டே இருந்தார்கள். ஊர்தான் அவர்களுக்குச் சோறு போட வேண்டியிருந்தது. 'தாத்தய்யா' என்று மைசூர்க்காரர்கள் அன்போடு கூப்பிட்ட எம்.வெங்கடகிருஷ்ணையா, மரிமல்லப்பா பள்ளித் தலைமையாசிரியர், பத்திரிகைக்காரர். ஏழை மாணவர்களுக்காக அநாதாலயம் என்ற இல்லம் உருவானதில் அவருக்குப் பெரிய பங்கு உண்டு.

மாமி சொன்னதை வைத்து யோசித்துப் பார்த்தால் இந்த ஏற்பாட்டில் இரண்டு சூட்சுமம் இருக்கிறது.

முதலாவது, கிழமை. "எப்ப வேணும்னாலும் வாங்க" என்று நாம் சொல்கிறோமே, அதைவிடப் பயனில்லாத அழைப்பு உலகத்திலேயே கிடையாது. எப்போது வேண்டுமானாலும் என்றால் ஒவ்வொரு முறையும் வருகிறவன்தான் துணிந்து கதவைத் தட்ட வேண்டும். வெட்கப்படுகிறவன் வரவே மாட்டான். வியாழக்கிழமை என்று சொல்லிவிட்டால் அவன் யாரையும் எதையும் கேட்க வேண்டாம். வியாழக்கிழமை அவனுடையது. போகாவிட்டால்தான் "ஏன் வரலை?" என்று கேட்பார்கள்.

இரண்டாவது, ஏழு வீடு. ஒரே வீடு ஏழு நாளும் சோறு போட்டால் அந்த வீட்டுக்கும் பாரம், அந்தப் பையனும் அந்த வீட்டுக்கு அடிமை மாதிரி ஆகிவிடுவான். ஏழு வீடு என்றால் யாருக்கும் பெரிய சுமையில்லை. ஒரு வீட்டில் முகம் சுளித்தாலும் மற்ற ஆறு வீடு இருக்கிறது. இன்னொரு விஷயம், ஒரே வாரத்தில் அவனுக்கு ஊரில் ஏழு குடும்பம் பழக்கமாகிவிடும். ஒருவர் வக்கீலாக இருப்பார், ஒருவர் வாத்தியாராக இருப்பார், ஒருவர் அரண்மனையில் குமாஸ்தாவாக இருப்பார். பின்னாளில் வேலைக்குச் சிபாரிசு வேண்டுமென்றால் இந்த ஏழு கதவும் தெரிந்த கதவு.

ரொம்பத்தான் புகழ்கிறேனோ? சரி, மறுபக்கத்தையும் பார்ப்போம்.

சாப்பிட்டவர்களைக் கேட்டால் கதை வேறு மாதிரி இருக்கும். கன்னட நாவலாசிரியர் எஸ்.எல்.பைரப்பா (1931-2025) ஹாசன் மாவட்டத்துக் கிராமத்துப் பிள்ளை. சின்ன வயதிலேயே பிளேக் நோய்க்குத் தாயைப் பறிகொடுத்தவர். மைசூரில் படித்தவர். வாரான்னம் சாப்பிட்டுப் படித்த கஷ்டத்தைத் தன் சுயசரிதையான 'பித்தி'யில் எழுதியிருக்கிறார். அந்த வீட்டில் தீட்டு என்றால் அன்றைக்குச் சோறு கிடையாது. அவர்கள் ஊருக்குப் போய்விட்டாலும் கிடையாது. வாரத்தில் ஐந்து வீடுதான் கிடைத்தது என்றால் மீதி இரண்டு நாள் பட்டினி. அடுத்தவர் வீட்டில் இலைக்கு முன்னால் உட்கார்ந்து தினமும் சாப்பிடுவது எவ்வளவு கூச்சமான விஷயம் என்பது சாப்பிட்டவர்களுக்குத்தான் தெரியும்.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று உண்டு. வாரான்னம் எல்லோருக்கும் கிடையாது. பெரும்பாலும் பிராமண வீடுகள், பிராமணப் பையன்கள். சமையலறையும் பந்தியும் சாதிக்குள் பூட்டிக் கிடந்த காலம். ஒக்கலிகப் பையன் வந்தாலோ குருபர் வீட்டுப் பையன் வந்தாலோ அவனுக்கு எந்தக் கிழமையும் இல்லை. தாழ்த்தப்பட்ட வகுப்புப் பையனுக்குச் சோறு இருக்கட்டும், பள்ளிக்கூடத்து வகுப்பறையே 1910களில் பெரிய சண்டைக்குப் பிறகுதான் திறந்தது.

நான் பிராமணன் இல்லை. ஒருநாள் மாமியிடம் விளையாட்டாகவே கேட்டேன்: "உங்க மாமியார் இருந்திருந்தா எனக்கு வியாழக்கிழமை கிடைச்சிருக்குமா மாமி?" மாமி மழுப்பவில்லை. "கிடைச்சிருக்காது. ரொம்பக் கேட்டா திண்ணையில இலை போட்டிருப்பா. எனக்கே நாலு வருஷம் முன்னாடி வரைக்கும் மனசு வரலை. என் பொண்ணுதான் சண்டை போட்டா" என்றார். அந்த நேர்மைக்காகவே அவரை எனக்கு இன்னும் பிடிக்கும்.

கதவு திறக்காதவர்கள் என்ன செய்தார்கள்? தாங்களே வீடு கட்டினார்கள். 1905, 1906 வாக்கில் லிங்காயத்துகளும் ஒக்கலிகர்களும் மைசூர் சமஸ்தானத்தில் தங்களுக்கென்று சங்கங்கள் தொடங்கினார்கள். அவற்றின் முக்கியமான வேலை படிப்பும் மாணவர் விடுதியும். 1918இல் மில்லர் கமிட்டி வந்து அரசு வேலைகளில் பிராமணர் அல்லாதாருக்கு இடம் வேண்டும் என்று பேச ஆரம்பித்தபோது, அந்த வேலைக்குத் தகுதியானவர்களை இந்த விடுதிகள்தான் தயார் செய்துகொண்டிருந்தன. சுத்தூர் மடத்து சிவராத்திரி ராஜேந்திர சுவாமிகள் மைசூரில் மாணவர்களுக்கு இலவச உணவும் இடமும் கொடுக்கத் தொடங்கியது 1941இல். இன்று நமக்குத் தெரிந்த ஜே.எஸ்.எஸ். கல்வி நிறுவனங்களின் வேர் அந்தச் சாப்பாட்டுக் கூடம்தான். பிற்பாடு, மைசூர் மாவட்டம் ஹுன்சூர் தாலுகாக்காரரான தேவராஜ் அர்ஸ் முதல்வராக இருந்த 1970களில், பிற்படுத்தப்பட்ட மாணவர்களுக்கான அரசு விடுதிகள் பெருகின. ஏழு வீட்டு ஏற்பாடு போய் அரசாங்கமே சோறு போட ஆரம்பித்தது. தலித் கவிஞர் சித்தலிங்கையாவின் 'ஊரு கேரி' படித்தால், ஒரு விடுதி ஒரு பையனுக்கு என்னவெல்லாம் கொடுக்கும் என்று தெரியும்.

நம் ஊரை மட்டும் உசத்தி என்று நினைக்க வேண்டாம். எங்கள் திருநெல்வேலிப் பக்கம் சேரன்மகாதேவியில் வ.வே.சு. ஐயர் 1922இல் ஒரு குருகுலம் தொடங்கினார். தேசபக்தியோடு, எல்லா சாதிப் பிள்ளைகளும் படிப்பதற்கு. அதற்குப் பலரும் பணம் கொடுத்தார்கள், காங்கிரஸும் கொடுத்தது. ஆனால் பிராமணப் பையன்களுக்குத் தனியாகச் சாப்பாடு என்று தெரிந்ததும் வெடித்தது. வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் எதிர்த்து நின்றார்கள். தமிழ்நாட்டு அரசியலின் போக்கையே அந்தப் பந்தி மாற்றியது. ஒரு பையனை எங்கே உட்கார வைத்துச் சோறு போடுகிறோம் என்பது சின்ன விஷயமில்லை.

மைசூரில் இன்னொரு வகை வரவேற்பும் உண்டு. குப்பளி என்ற மலைநாட்டுக் கிராமத்திலிருந்து ஒரு பையன் மைசூருக்குப் படிக்க வந்தான். பெயர் புட்டப்பா. இங்கிலீஷில் கவிதை எழுதிக்கொண்டிருந்தான். 1924இல் ஜேம்ஸ் கசின்ஸ் என்ற ஐரிஷ் கவிஞர் மைசூருக்கு வந்தபோது தன் கவிதைகளைக் கொண்டுபோய்க் காட்டினான். அவர் வாசித்துவிட்டு, உன் தாய்மொழியில் எழுதேன் என்றார். அந்தப் பையன்தான் குவெம்பு. மைசூர் ராமகிருஷ்ண ஆசிரமத்தில் அவருக்கு இடம் கொடுத்து, பல ஆண்டுகள் அங்கேயே வைத்துப் பார்த்துக்கொண்டவர் சுவாமி சித்தேஸ்வரானந்தர். அவர் கேரளத்துக்காரர். பின்னாளில் 1937இல் பாரிசுக்குப் போனவர்.

இதில் ஒன்றைக் கவனித்தீர்களா? கன்னடத்தின் மிகப் பெரிய கவிஞருக்கு "கன்னடத்தில் எழுது" என்று சொன்னவர் அயர்லாந்துக்காரர். தங்க இடம் கொடுத்தவர் மலையாளி. இரண்டு பேருமே வந்தேறிகள். வந்து பட்ட கஷ்டம் மறக்காதவர்களுக்குத்தான் புதிதாக வருகிறவர்களின் முகம் புரிகிறது போலும். குவெம்பு அதே பல்கலைக்கழகத்துக்கு 1956 முதல் 1960 வரை துணைவேந்தராக இருந்தார். 'மானசகங்கோத்ரி' வளாகம் அவர் கனவு.

வந்தவர்கள் எல்லோரும் நல்ல பெயர் எடுத்தார்களா என்றால், இல்லை. 1881இல் ஆட்சி மறுபடி உடையார்கள் கைக்கு வந்தபோது திவானாக இருந்தவர் ரங்காச்சார்லு, செங்கல்பட்டுப் பக்கத்துக்காரர். அடுத்து 1883 முதல் 1901 வரை சேஷாத்ரி ஐயர், பாலக்காட்டுப் பக்கம். இருவரும் பெரிய நிர்வாகிகள், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் காலத்தில் உயர்ந்த பதவிகளெல்லாம் மதராஸிலிருந்து வந்தவர்களுக்கே போகிறது என்று உள்ளூர்க்காரர்கள் குமுறினார்கள். 'மைசூர் மைசூர்க்காரர்களுக்கே' என்ற குரல் எழுந்தது இப்படித்தான். வந்தவன் தன் ஆட்களோடு மட்டுமே வட்டம் போட்டு நின்றால், ஊர் எப்படி அவனை உள்ளே சேர்க்கும்? அந்தப் பொங்கல் விழாவில் நாங்கள் நின்ற வட்டங்கள்தான் எனக்கு ஞாபகம் வருகிறது.

அதே மதராஸ் பக்கத்திலிருந்து 1918இல் வந்த இன்னொருவர் திருத்தணியில் பிறந்த ராதாகிருஷ்ணன். மகாராஜா கல்லூரியில் தத்துவப் பேராசிரியர். மூன்றே வருடம். 1921இல் கல்கத்தாவுக்குக் கிளம்பியபோது மாணவர்கள் குதிரைகளை அவிழ்த்துவிட்டு, பூ அலங்காரம் செய்த வண்டியைத் தாங்களே ரயில் நிலையம் வரை இழுத்துக்கொண்டு போனார்கள் என்று இன்றும் மைசூரில் சொல்வார்கள். ஆர்.கே.நாராயண் குடும்பமும் மதராஸிலிருந்து வந்ததுதான். அப்பா அங்கே தலைமையாசிரியர். யாதவகிரியில் அவர் கட்டிய வீடு இப்போது நினைவில்லம். தமிழ் பேசும் வீட்டில் பிறந்த மாஸ்தி வெங்கடேச ஐயங்கார் கன்னடத்துக்கு ஞானபீடம் வாங்கிக் கொடுத்தார். சேர்த்துக்கொண்ட ஊருக்கு இவர்கள் திருப்பிக் கொடுத்தது கொஞ்சமில்லை.

நம் கதைக்கு வருவோம்.

பிப்ரவரியில் சங்கத்தின் செயற்குழுவில் இதைப் பேசினேன். தெருப் பெயர் கேட்டது நான்தான் என்பதையும் சேர்த்துத்தான் சொன்னேன். கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. அப்புறம் ஒரு அக்கா சொன்னார், "நான் வந்தப்பவும் கேட்டாங்க. பதினோரு வருஷமா சொல்லணும்னு இருந்தேன்." அவரை வாரா வாரம் பார்க்கிறவன் நான். எனக்கு எப்படி இருந்திருக்கும்?

இப்போது ஒரு சின்ன ஏற்பாடு செய்திருக்கிறோம். புதிதாக ஒரு குடும்பம் வந்தால் முதல் மாதம் நான்கு வீடு, நான்கு கிழமை. (ஏழு வீடு கிடைக்கவில்லை, இது அமெரிக்கா!) கிழமையைத் தேர்ந்தெடுப்பது வருகிறவர்கள். எங்கே சாமான் மலிவு, பையனை எந்த நூலகத்தில் சேர்க்கலாம், பனியில் கார் ஓட்டுவது எப்படி என்பதெல்லாம் சாப்பாட்டோடு சேர்த்து. விதி இரண்டே இரண்டுதான். ஊருக்கு மேல் எதையும் கேட்கக் கூடாது. "சைவமா அசைவமா?" என்று சமையலுக்காகக் கேட்கலாம், அதை வைத்து எதையும் கணக்குப் போடக் கூடாது. அதோடு, நாலு வீட்டில் சாப்பிட்டவர்கள் அடுத்து வருகிறவர்களுக்கு ஒரு கிழமை கொடுத்தால் நல்லது, கட்டாயமில்லை.

முதல் விதியைக் கேட்டு இரண்டு பேர் "இதெல்லாம் ஓவர்" என்றார்கள். ஒருவர் தன் வீட்டைக் கொடுக்கவும் இல்லை. பரவாயில்லை, வாரான்னத்துக்கும் ஊரிலிருந்த எல்லா வீடும் கதவு திறக்கவில்லை. இதுவரை மூன்று குடும்பம் இப்படிச் சாப்பிட்டிருக்கிறது.

அந்தத் திருநெல்வேலிக் குடும்பத்துக்கு? விழாவில் எழுதிக்கொடுத்த எண்ணைத் தேடி எடுத்து நானே போன் செய்தேன். அன்றைக்குக் கேட்டது தப்பு என்று சொன்னேன். மறுபக்கம் கொஞ்சம் மௌனம். "பரவால்லண்ணே" என்றார். எந்தக் கிழமை வசதிப்படும் என்று கேட்டேன். "வீட்டுல கேட்டுட்டுச் சொல்றேண்ணே" என்றார்.

இன்னும் சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்று கட்டாயமும் இல்லை. மாமி மாதிரி நானும் மறுபடி கூப்பிடப் போவதில்லை. ஆனால் எங்கள் வீட்டில் வியாழக்கிழமை ராத்திரிக்கு மூன்று பேருக்குச் சேர்த்தே அரிசி போடுகிறோம். மிஞ்சினால் வெள்ளிக்கிழமை எனக்கு ஆபீஸுக்குக் கட்டுச்சாதம் :-)